அற்புதமேரி வேலைக்குப் போகிறாரா?

இளம் வக்கீல்களுக்கு இப்படிப்பட்ட அறிவுரைகளை வழக்கமாக ஓய்வுபெற்ற வக்கீல்கள் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. மூத்தவள் எல்.கே.ஜி. போகிறாள், இரண்டாவது வயிற்றில் இருக்கிறது. எலப்புள்ளியிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் போய்வருவது இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே என் முதுகு சொல்லிவிட்டது. ஆகவே உயர்நீதிமன்ற வேலையை நிறுத்திவிட்டுப் பாலக்காட்டில் உட்காரப் போகிறேன். சரியான முடிவுதானா என்று தெரியவில்லை. எதையும் முடிவெடுத்த பிறகுதான் நான் அதிகமாக யோசிப்பேன்.

என் மேசைக்கு வரும் உங்கள் இருவருக்கும் சட்டம் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. பிரிவுகளை என்னைவிட வேகமாகத் தேடி எடுப்பீர்கள். ஆனால் வேலையில் அடிபட்டவர்களின் இழப்பீட்டு மேல்முறையீடுகள் இனி உங்களிடம் வரும். இடுக்கி மலையிலிருந்து தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் உங்களிடம்தான் அனுப்புவார்கள். அந்த வழக்குகளில் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாது. தோட்டத்தின் மேல் கோபம் வரும், இழப்பீட்டு மனுவைக் கேட்கும் ஆணையர் மேல் வரும், வாய்தா மேல் வாய்தா போடும் எதிர்த்தரப்பு மேல் வரும். எல்லோரையும்விட, யாருக்காக நிற்கிறோமோ அந்தக் கட்சிக்காரர் மேல் வரும். என்னை அதிகம் எரிச்சல்படுத்திய ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். அது இன்னும் முடியவில்லை. உங்கள் மேசையில் முதலில் இருப்பது அதுதான்.

அற்புதமேரி உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. கணவர் உயிரோடு இல்லை. ஒரு மகள் பள்ளியில் படிக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் செடிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார். நிழல் மரத்தில் ஏறிக் கொம்பு கழித்துக்கொண்டிருந்தவர்கள் வெட்டிய கிளை, விழ வேண்டிய இடத்தில் விழாமல் அவருடைய வலது கையில் விழுந்தது. மணிக்கட்டு நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. ஏலக்காயைப் பழுத்தது பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். மடங்காத விரலால் அது முடியாது என்று புரிந்துகொள்ள யாரும் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை.

இழப்பீடு கேட்டு ஆணையரிடம் மனு போட்டார். டாக்டர் வந்து கையின் நிலையைச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு தோட்டத்தின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"இப்போ வேலைக்குப் போறீங்களா?"

"போறேன்யா."

"என்ன வேலை?"

"அதே வேலதான். காய் எடுக்கேன்."

அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். அடுத்துத் தோட்டத்தின் கங்காணி கூண்டில் ஏறி, அற்புதமேரியைத் தினமும் ஏலக்காட்டில் பார்க்கிறேன், மற்ற பெண்களைப் போலவே காய் எடுக்கிறார் என்று சத்தியம் செய்து சொன்னார். காயம் உண்மை, சம்பாதிக்கும் திறன் மட்டும் குறையவில்லை என்று எழுதி ஆணையர் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

அந்த நிலையில்தான் வழக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இந்தச் சட்டத்தில் மேல்முறையீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நடந்தது என்ன என்று உயர்நீதிமன்றம் மறுபடி விசாரிக்காது. ஆணையர் சட்டத்தில் தவறு செய்தாரா என்று மட்டும் பார்க்கும். "போறேன்யா" என்று கட்சிக்காரரே சொல்லிவிட்ட பிறகு அதை யாரும் மாற்ற முடியாது.

நம் அலுவலகத்தின் மூத்த வக்கீலான சார், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். நீங்கள் எதைக் கொண்டுபோனாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். நானும் அற்புதமேரியின் தீர்ப்பைக் கொண்டுபோய், "விரலே மடங்காதவர் எப்படி சார் காய் எடுப்பார்?" என்றேன்.

"காய் எடுக்க முடியலைன்னு அவ சொல்லியிருக்காளோ? பைல்ல இருக்கோ?"

"இல்லை சார்."

"பைல்ல இல்லாத்தது லோகத்துலயே இல்லை. விட்டுடு. வேலையில தொடர்ந்தா மட்டும் திறன் குறையலைன்னு ஆயிடுமோ? அது சட்டக் கேள்வி. அதைப் பிடிச்சுக்கோ."

நல்ல யோசனைதான். வேலையில் இருக்கிறார் என்பதை ஒத்துக்கொண்டு, அதனால் மட்டும் இழப்பு இல்லை என்று ஆகிவிடாது என்று வாதிடுவது. நான் அதற்குத் தீர்ப்புகள் தேடி எடுத்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒருநாள் அற்புதமேரியைப் போனில் கூப்பிட்டேன்.

"கை எப்படிங்க இருக்குது?"

"நல்லாருக்கு வக்கீலம்மா."

"விரல் மடங்குதுங்களா?"

"கர்த்தர் கிருபையில ஒரு குறையுமில்ல."

"ஒரு குறையுமில்லைன்னா அப்பீல் எதுக்குங்க?"

பின்னால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது. "குறை இருக்குன்னு சொல்லேன் மைனி, கர்த்தரு ஒண்ணும் கோவிக்க மாட்டாரு!"

"சும்மா இருட்டி," என்றார் அற்புதமேரி. பிறகு என்னிடம், "இவ ஸ்டெல்லா. எம் வீட்டுக்காரரோட தங்கச்சி. எங்ககூடத்தான் இருக்கா," என்றார். போன் வைக்கப்பட்டது.

நான் பாலக்காட்டுப் பெருமாட்டியில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் யாராவது தென்னையிலிருந்து விழுந்தால், வலி எங்கே என்று கேட்பதற்குள் வலிக்காத இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அடிபட்டதற்கு வழக்குப் போட்டுவிட்டு அடியே படவில்லை என்று சொல்லும் கட்சிக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வாரம் முழுக்க இதையே வீட்டில் புலம்பியிருக்கிறேன். என் கணவர், "அப்ப நீயே எதுக்குப் போட்டு அடிச்சுக்கறே, விட்டுரு," என்றார். அவர் மேலும் கோபம் வந்தது.

இறுதி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மேல்முறையீட்டில் கட்சிக்காரர் நேரில் வரத் தேவையில்லை. இருந்தாலும் வரச் சொன்னேன். நீதிபதி ஒருவேளை அந்தக் கையைப் பார்க்க விரும்பினால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு பயம். வரச் சொன்ன பிறகு, மலையிலிருந்து இவ்வளவு தூரம் வீணாக அலைய வைக்கிறோமோ என்று இன்னொரு பயம்.

அன்று காலை என் மகளுக்கு உடம்பு சுட்டது. அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, பால் குடித்துக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். நீதிமன்ற வாசலில் இரண்டு பெண்களும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். அற்புதமேரி ஒல்லியாக, வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலையில் இருந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். ஸ்டெல்லா அவரைவிட உயரம், வயது குறைவு. ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"பாப்பாவுக்கு. பால்ல ஒண்ணு தட்டிப் போடுங்க."

ஏலக்காய். வாங்கும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஏலச்செடியின் கறை சோப்புப் போட்டாலும் போகாது. தோட்டத்துப் பெண்கள் பலர் கட்சிக்காரர்களாக வந்ததில் அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"நீங்களும் தோட்டத்துல வேலைங்களா?"

"இல்லல்ல, நா வீட்லதான்," என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. சார் வேறொரு அறையில் வேறொரு வழக்கில் நின்றார். "நீ தொடங்கு, நான் வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டார். நம் வழக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எடுக்கப்பட்டது.

நான் சட்டக் கேள்வியைச் சொல்லத் தொடங்கினேன். முதல் தீர்ப்பைத் திறப்பதற்குள் நீதிபதி நிறுத்தினார்.

"வேலையில் தொடர்வது மட்டுமே போதாது என்று சொல்கிறீர்கள். சரி. உங்கள் கட்சிக்காரர் இப்போது செய்வது பழைய வேலையா, இலகுவான வேறு வேலையா?"

"ஆணையரின் பதிவின்படி…"

"பதிவை நானும் படித்தேன். அதே வேலை, அதே கூலி என்றால் இழப்பு எங்கே இருக்கிறது? வேறு வேலை என்றால் சொல்லுங்கள்."

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அற்புதமேரியின் இடது கை மடியில் இருந்தது. தினமும் காய் எடுப்பதாகச் சத்தியம் செய்தவரின் விரல்கள். நகங்கள் என் நகங்களைப் போலச் சுத்தமாக இருந்தன.

புரிந்துவிட்டது. எல்லாம் புரிந்ததா என்று கேட்டால் இல்லை. வேலைக்குப் போவது யார் என்று மட்டும் புரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இலகுவான வேலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாதம் நிற்கும். அது பொய். அதே வேலை என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது. அதுவும் பொய்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லலாம் என்றால் சொல்ல எனக்கு உரிமை இல்லை, கட்சிக்காரர் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வேன்? ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பதில் தெரியாதபோது பேசிக்கொண்டே இருக்காதீர்கள். நாக்கு நம்மைக் கேட்காமலே ஏதாவது ஒன்றை ஒத்துக்கொண்டுவிடும். நான் வழக்கைச் சற்று நேரம் கழித்து அழைக்க வேண்டினேன். நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. "மதிய உணவுக்கு முன் கடைசியாக எடுக்கிறேன். அப்போது எனக்குப் பதில் வேண்டும்," என்றார்.

இருவரையும் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தேன்.

"வேலைக்குப் போறது யாருங்க?"

ஸ்டெல்லா சுவரைப் பார்த்தார். அற்புதமேரி தரையைப் பார்த்தார்.

"எம்பேருதான் போகுது, வக்கீலம்மா," என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர்கள் இருப்பது லயத்தில், தோட்டம் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் வரிசை வீட்டில். குடும்பத்தில் ஒரு நிரந்தரத் தொழிலாளி இருக்கும்வரைதான் வீடு. புதிதாக யாரையும் நிரந்தரமாக எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கை வேலைக்கு ஆகாமல் போனதும், காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு அற்புதமேரிக்குப் பதிலாக ஸ்டெல்லா போய் நின்றார். "அற்புதமேரி" என்று கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்வது ஸ்டெல்லா. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரியும்.

"அவருக்குத் தெரிஞ்சேதானுங்களா கூண்டுல ஏறிச் சொன்னாரு?"

"அவருக்குக் காய் வந்தாப் போதும்," என்றார் ஸ்டெல்லா. "யாரு கையில வந்தா என்ன?"

ஆக, வேலைக்குப் போகிறீர்களா என்று ஆணையர் முன்னால் கேட்டபோது அற்புதமேரிக்கு வேறு பதிலே இல்லை. இல்லை என்றால் வீடு போகும். நான் போனில் கேட்டபோதும் அப்படித்தான். கை மோசம் என்று யாரிடமாவது சொல்லி, அது எப்படியாவது தோட்டத்து ஆபீசுக்குப் போய்விட்டால்?

எனக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, இதை உங்க பழைய வக்கீல்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"அவரு கேக்கல."

"என்கிட்ட?"

"நீங்க கை எப்படி இருக்குன்னுதான கேட்டீங்க."

"கேட்டதுக்காவது நேராப் பதில் சொன்னீங்களாங்க? ஒரு குறையுமில்லைன்னு சொன்னீங்க! விரல் மடங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எப்படியாவது யோசிச்சிருப்பேன்ங்க. இப்ப உள்ள போயி நான் என்னன்னு சொல்றதுங்க?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். "மைனி, பாத்தியா. இவங்க திட்டுனாக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுறாங்க. நம்ம கங்காணிகிட்டச் சொல்லிக்குடுக்கணும்."

"சிரிக்காதட்டி."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மாமியார்.

"ஏங்கண்ணு, எப்ப வருவே? புள்ளைக்குக் கொஞ்சம் சூடாத்தான் இருக்குது. நீ ஒண்ணும் பயப்படாதே, நல்லாத்தான் இருக்கறா."

"சூடா இருக்கறாளுங்களா, நல்லா இருக்கறாளுங்களா? எதுங்க அத்தை?"

"ரெண்டுந்தான்," என்றார் மாமியார்.

கொடுக்க வேண்டிய மருந்தைச் சொல்லிவிட்டு வைத்தேன். பால் கட்டி நெஞ்சு கனத்தது. பிரசவம் முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பிய அன்று சார் என்னிடம் "முடியுமோ?" என்று கேட்டார். நான் "முடியும் சார்" என்றேன். முடியாது என்று சொல்லியிருந்தால் என் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கோபம் கொஞ்சம் இறங்கியது.

இரண்டு பேருக்கும் நிலைமையைச் சொன்னேன். நான் உள்ளே போய்ப் பொய் சொல்ல மாட்டேன். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்று நிற்கலாம். அப்படி நின்றால் மேல்முறையீடு தள்ளுபடியாகும், வீட்டை யாரும் தொட மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் வழக்கு மறுபடி உயிர்பெறலாம். ஆள் மாறி வேலை செய்ததற்காகத் தோட்டம் இருவரையும் வெளியே அனுப்பவும் செய்யலாம். எது நடக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அற்புதமேரி யோசிக்கவே இல்லை. "சும்மா இருந்திருங்க வக்கீலம்மா. கேசு போனாப் போகட்டும். பிள்ள படிச்சு முடிக்கவரைக்கும் வீடு இருந்தாப் போதும்."

அவர் என் கட்சிக்காரர். அவர் சொல்வதுதான் எனக்கு உத்தரவு. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. ஸ்டெல்லாவின் கறுத்த விரல்கள் கண்முன் இருந்தன. இத்தனை நாளும் அந்தச் சட்டத்தைப் படித்துப் படித்துப் பழகிய மண்டைக்குள் ஒரு கேள்வி வந்து நின்றது. கேட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன், அறிவுரையாக இல்லை.

"சரிங்க. அடுத்த மழைக்கு ஒரு கொம்பு வந்து ஸ்டெல்லா மேல விழுந்தா? அப்ப நான் யாருக்குன்னு கேஸ் போடறதுங்க? தோட்டத்துல ஸ்டெல்லான்னு ஒரு ஆளே இல்லையே."

"மைனிக்கு ரெண்டாவது தடவ கை ஒடிஞ்சுதுன்னு எழுதிக்குவாங்க," என்றார் ஸ்டெல்லா. இந்த முறை அவர்கூடச் சிரிக்கவில்லை.

அற்புதமேரி முந்தானையிலிருந்து வலது கையை எடுத்தார். அதைக் கொண்டு ஸ்டெல்லாவின் கையைப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் வளையவில்லை. பிறகு இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிருங்க," என்றார் என்னிடம்.

"வேணாம் மைனி. பிள்ள பரீட்சை முடியட்டும்."

"சும்மா இருட்டி. வக்கீலம்மா, நீங்க சொல்லிருங்க."

வழக்கை மறுபடி அழைத்தார்கள். கட்சிக்காரர் ஆணையர் முன்னால் சொன்னது உண்மையல்ல, விபத்துக்குப் பிறகு அவர் ஒருநாளும் காய் எடுக்கவில்லை, வீட்டை இழப்போம் என்ற பயத்தில் குடும்பத்தில் இன்னொருவர் அவருடைய பெயரில் வேலை செய்கிறார், அதைத் திருத்த விரும்புகிறார், அதன் விளைவுகளைத் தெரிந்தே விரும்புகிறார் என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

தோட்டத்தின் வக்கீல் எழுந்துவிட்டார். "இது மோசடி. ஆள்மாறாட்டம் செய்து கூலி வாங்கியிருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்கே தள்ளுபடி செய்ய வேண்டும்."

எனக்குத் தயாரித்த பதில் எதுவும் இல்லை. தாழ்வாரத்தில் கேட்டது மட்டும் இருந்தது. "அப்படியானால் தோட்டத்தின் கங்காணி தினமும் காட்டில் பார்த்ததாகச் சத்தியம் செய்தது யாரை?" என்று கேட்டேன்.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். அவர் தோட்டத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். "எத்தனை நாள் விசாரிப்பீர்கள்? தினமும் பார்த்ததாகத்தானே சொல்லியிருக்கிறார்," என்றார் நீதிபதி.

அதன்பின் அவர் எங்களையும் விடவில்லை. செய்தது சரியல்ல என்று என் கட்சிக்காரருக்குச் சொல்லச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அற்புதமேரி தலையாட்டினார். வேறொருவர் கை செய்த வேலையைக் கொண்டு இவருடைய கையின் திறனை அளந்த முடிவு சட்டத்தில் நிற்காது என்று சொல்லி, ஆணையரின் தீர்ப்பை நீக்கி, புதிதாகச் சாட்சியம் எடுக்க வழக்கைத் திருப்பி அனுப்பினார்.

நாங்கள் வெளியே வந்தபோது சார் வேகமாக எதிரே வந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு சட்டக் கேள்வியைக் கையில குடுத்து அனுப்பினேன். நீ வேற எதையோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கையே. இதெல்லாம் பைல்ல இருக்கோ?"

"இனிமேல் இருக்கும் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். பாராட்டினாரா, கோபித்தாரா என்று இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இது வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். மறு விசாரணைக்கு முன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஸ்டெல்லா போனில் அதைப் படித்துக் காட்டினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, "எப்படியும் ஒருநாள் வரவேண்டியதுதான வக்கீலம்மா," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சும்மா இருக்கச் சொன்னவரைச் சும்மா இருக்க விடாதது நான்தானே என்று எத்தனை நாள் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கை நின்றுபோயிருக்கிறது. அற்புதமேரியின் மகள் அந்த வருடத்துப் பரீட்சைக்கு நோட்டீஸ் ஒட்டிய கதவுக்கு உள்ளேயிருந்துதான் படித்தாள்.

மறு விசாரணையில் கங்காணியை நாங்கள் குறுக்கு விசாரணை செய்தோம். உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. ஆள் தெரிந்தேதான் வேலை வாங்கினேன், மேலே இருப்பவர்களுக்கும் தெரியும் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு பதில் இரண்டு பக்கம் வேலை செய்தது. ஒன்று, அற்புதமேரி வேலைக்குப் போகவில்லை என்பது நிலைத்தது. இன்னொன்று, ஸ்டெல்லா இத்தனை நாளும் அந்தத் தோட்டத்தின் தொழிலாளியாகத்தான் இருந்தார் என்பதும் அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. தொழிற்சங்கத்துக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் அதிகாரியிடம் போனார்கள். காய்ப் பருவம் தொடங்கியிருந்தது, தோட்டத்துக்கும் ஆள் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே ஸ்டெல்லாவைச் சேர்த்துக்கொண்டார்கள், வீடு அவர் பெயருக்கு மாறியது. சங்கம் இல்லாத தோட்டமாக இருந்திருந்தால், அல்லது பருவம் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் காலையில் பேர் கூப்பிட்டதைப் பற்றி ஸ்டெல்லா சொன்னார். "ஸ்டெல்லா, ஸ்டெல்லான்னு கங்காணி கத்துறாரு. எவடா அவன்னு நானும் சுத்திப் பாக்கேன். பக்கத்துல நின்னவ இடிச்சா. 'ஏட்டி, ஒன்னத்தான்!' மைனி பேரு வரட்டும்னு நா பாட்டுக்கு நின்னுட்டிருந்திருக்கேன் வக்கீலம்மா."

ஆணையர் இந்த முறை இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். அதை எதிர்த்துத் தோட்டம் இப்போது உயர்நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. அந்தக் கோப்புதான் உங்கள் மேசையில் இருப்பது. போன முறை தீர்ப்பை எதிர்த்து நாம் போனோம், இந்த முறை அவர்கள். மேல்முறையீட்டுக்காக அவர்கள் கட்ட வேண்டிய தொகையைக் கட்டிவிட்டார்கள், ஆனால் அது அற்புதமேரியின் கைக்கு வரவில்லை. வாய்தா கேட்பார்கள். விடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். மலையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தால், கையையோ காலையோ பற்றி முதலில் கேட்காதீர்கள். எந்த வீட்டில் இருக்கிறீர்கள், அந்த வீடு யார் பேரில் இருக்கிறது, காலையில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் போய் நிற்பது யார் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். எரிச்சல் வரும். எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை, எழுந்து போய்விடாதீர்கள்.

இனி வேறு வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லப் போன வாரம் அற்புதமேரியைக் கூப்பிட்டேன். பழக்கத்தில், "கை எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லாருக்கு வக்கீலம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இல்ல," என்றார் அற்புதமேரி. "மடங்கவே மாட்டேங்குது."